மலைப்பாதைக்குப் பழைய ஃபோர் பை ஃபோர்: ஜீப்பா, ஜிப்சியா, ஜோங்காவா?

#1 மடிப்பாக்கம்_முகுந்த்

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே ஓசியில் படித்துக்கொண்டிருப்பவன். எழுதுவது இதுதான் முதல் முறை.

மாதத்துக்கு ஒரு தடவை ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி என்று உள்ளே உள்ளே போகும் பாதைகளில் சுற்றிவர ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்க வேண்டும். புதுத் தார் வேண்டாம் (மஹிந்திரா தார் வண்டியைச் சொல்கிறேன், ரோட்டை அல்ல). என் தாத்தா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். அவருக்குக் கொடுத்திருந்த ஜீப்பில் மழையில் நனைந்த கான்வாஸ், பெட்ரோல், வெற்றிலை மூன்றும் கலந்த ஒரு வாசனை வரும். ஐம்பது லட்சம் ரூபாய் வண்டியிலும் அது வராது. ஆக, பாதி ஆசை, பாதி பைத்தியம் என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

பட்ஜெட் ஐந்து லட்சம். ரிப்பேருக்குத் தனியாக ஒன்றரை. தினமும் ஓட்ட மாட்டேன். மனைவியும் ஒன்பது வயது மகளும் கூட வருவார்கள். கண்ணில் பட்டிருப்பவை மூன்று: வாலாஜா பக்கம் 1989 மாடல் மஹிந்திரா எம்எம் 540 டீசல், வேளச்சேரியில் 1998 மாருதி ஜிப்சி கிங், நண்பனின் மாமா ராணுவ ஏலத்தில் எடுத்து வைத்திருக்கும் ஜோங்கா. எதை எடுக்கலாம்?

#2 ரெண்டு_சக்கரம்

ஒரு எக்ஸ்பல்ஸ் பைக் வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு வீட்டில் நகை வாங்கிக் கொடுங்கள்.

#3 ஜோங்கா_ஜெகன்

ஜோங்காவைச் சொன்ன பிறகு மற்ற இரண்டையும் எதற்குச் சொன்னீர்கள் என்றே புரியவில்லை. ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை ராணுவத்துக்காகவே செய்த வண்டி. நிசான் பேட்ரோல் வண்டியின் நகல். ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் இஞ்சின். ஏற்றத்தில் கியர் மாற்ற வேண்டும் என்பதே மறந்துபோகும். 2019ல் தோனி ஒன்று வாங்கி ராஞ்சியில் ஓட்டினார். தலைக்கே பிடித்த வண்டி. மைலேஜ் மட்டும் கேட்காதீர்கள்.

#4 ரெண்டு_சக்கரம்

கேட்கிறேன். எவ்வளவு?

#5 ஜோங்கா_ஜெகன்

நாலு. பின்னாலிருந்து காற்று அடித்தால் நாலரை.

#6 ஏலகிரி_எழில்

முகுந்த், ஏலகிரியில் வளர்ந்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். வண்டியை விட்டுவிட்டு முதலில் ரோட்டைக் கணக்குப் போடுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலை மேலே இருக்கிற ஜமுனாமரத்தூர் போக 200 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஃபோர் பை ஃபோர் லீவரைத் தொட வேண்டிய பாதை, மழைக்காலத்திலும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஜமுனாமரத்தூருக்கு அரசு பஸ்ஸே போய் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். போக வர 400 கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு, அதுவும் பாதிக்கு மேல் லாரிகளோடு. ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, பக்கத்துக் கான்வாஸ் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். முதல் மாதம் மகள் குதூகலமாக வருவாள். இரண்டாவது மாதம் பாட்டி வீட்டுக்குப் போகிறேன் என்பாள். என் அனுபவம் அதுதான், நான்தான் அந்த மகள்.

ஜோங்காவில் போனால் ஒரு பயணத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே பத்தாயிரம் தாண்டும். காட்டுக்குள் எது நன்றாகப் போகும் என்று இங்கே எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். மூன்றுமே போகும். வாலாஜா டோல்கேட் தாண்டும்போது உங்கள் முதுகு எந்த வண்டியில் ஒத்துழைக்கும் என்பதைப் பாருங்கள்.

கொழுக்குமலைக்குப் போயிருக்கிறீர்களா? சூரியநெல்லியிலிருந்து மேலே ஏறும் ஜீப்புகள் எல்லாம் பழைய மஹிந்திராதான். ஏன் வேறு வண்டி எடுப்பதில்லை என்று ஒரு டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "உடைஞ்சா கீழே கடையில சாமான் இருக்கு, உடையறது எதுன்னு எனக்கும் தெரியும்" என்றார். அவருக்கு கடை பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

#7 பழைய_ஸ்பேனர்

எழிலம்மா சொன்னது சரி. நான் பணிமனையில் முப்பது வருஷம் கையைக் கறுப்பாக்கியவன், ஓய்வு பெற்று அயனாவரத்தில் இருக்கிறேன். தம்பிக்குக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஜீப் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மஹிந்திரா 1947ல் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த சிஜே 3பிதான் பானட் உயரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஜீப். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. உள்ளே வைத்த ஹரிகேன் இஞ்சின் பழையதைவிட உயரம், பானட்டைத் தூக்கினால்தான் மூட முடியும். தாத்தா ஓட்டியதும் அநேகமாக அதுதான். எண்பதுகளில் வந்த எம்எம் 540ல் இருப்பது பூஜோ டீசல், 2112 சிசி, 62 குதிரைத்திறன். எருமை மாதிரி இழுக்கும். ஆனால் நாலு கியர்தான். எழுபதைத் தாண்டினால் இஞ்சின் அலறுவதில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சில குடும்பங்களுக்கு அது நல்லதுதான்.

எம்எம் 540 என்று பெயர் இருந்தால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டூ வீல் டிரைவ் ஜீப்புகள் ஏராளம். பிற்பாடு முன் ஆக்சிலை மாட்டி "ஃபோர் பை ஃபோர் சார்" என்று விற்கிறார்கள். ஆர்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் குனிந்து முன் ஆக்சில் நடுவே உருண்டை இருக்கிறதா, அதற்குப் புரொபெல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டு) வருகிறதா என்றும் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ் ஓரத்தில் வையுங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே தகடு இல்லை, பேஸ்ட்தான் இருக்கிறது. மற்ற இடத்தில் துரு இருந்தால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) இருந்தால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். பின் ஸ்பிரிங் பட்டை சேஸிஸோடு சேரும் இடம், பின் பம்பருக்கு மேலே குறுக்கே ஓடும் சட்டம், பேட்டரி உட்காரும் தட்டு, கால்மிதிக்கு அடியில் உள்ள மூலை, இந்த நாலையும் குத்திப் பாருங்கள். கடற்கரையை ஒட்டி ஐந்து வருஷம் நின்ற வண்டி, வெளியே தங்கமாக மின்னினாலும் உள்ளே உப்புக்காற்று தின்றிருக்கும்.

கியர் ஆயில், டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவே உள்ள அந்த உருண்டை) ஆயில் பிளக்கை லேசாகத் திருகச் சொல்லுங்கள். ஆயில் டீயில் பால் விட்ட மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முங்கிய வண்டிகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. வேளச்சேரி என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஓட்டிப் பார்க்கும்போது ஃபோர் வீல் போட்டுக் காய்ந்த தார் ரோட்டில் வளைக்காதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முடியாமல் முறுக்கிக்கொள்ளும், பல் உடையும். மண்தரையில் போடுங்கள். விழுகிறதா என்பதோடு, திரும்ப வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். வராத வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#8 ஜிப்சி_ரசிகன்

ஸ்பேனர் அண்ணா சொன்னபடி பார்த்தாலே விடை ஜிப்சிதான்.

1985 கடைசியில் வந்த முதல் ஜிப்சியில் 970 சிசி, நாலு கியர். 1996ல் ஜிப்சி கிங், 1298 சிசி, ஐந்து கியர். 2000 வாக்கில் கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்தபோது 80 குதிரைத்திறன். நெடுஞ்சாலையும் வேண்டும் என்றால் கிங்குக்குக் கீழே இறங்காதீர்கள். எண்பதில் நிம்மதியாகப் போகலாம். வண்டியே ஒரு டன்னுக்குப் பக்கம்தான். சேற்றில் சிக்கினால் நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம், ஜோங்காவுக்கு ஜேசிபி வர வேண்டும். ராணுவமும் போலீசும் வருஷக்கணக்கில் ஓட்டுவதால் சாமான் கிடைக்கிறது, புதுப்பேட்டையில் அரை நாள் சுற்றினால் முக்கால்வாசி தேறும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், ஒவ்வொரு குழியும் இடுப்பு எலும்புக்குத் தெரியும். டேங்க் 40 லிட்டர், பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். முன் சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள கிங்பின் பேரிங் தேய்ந்திருந்தால் அறுபதில் ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும், பிரேக் போட்டு நிறுத்தும்வரை நிற்காது. முதல் தடவை வந்தபோது சக்கரம் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

#9 ஜோங்கா_ஜெகன்

ஜிப்சி என்பது கூரை போட்ட தையல் மிஷின்.

#10 ஜிப்சி_ரசிகன்

உங்கள் வண்டி கடைசியாக எப்போது ஷெட்டை விட்டு வந்தது?

#11 ஜோங்கா_ஜெகன்

பொங்கலுக்கு. வாசல்வரைக்கும்.

#12 ஆர்டிஓ_அலைச்சல்

எல்லோரும் கியர், ஆயில் என்று பேசுகிறீர்கள். நான் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் இரண்டு வருஷம் அழுதவன் நான்.

ஒரு ஜீப் வாங்கினேன். ஊர் பெயர், விற்றவர் பெயர் எல்லாம் வேண்டாம். பெட்ரோல் என்று ஆர்சி சொன்னது, பானட்டுக்குள் வேறு டீசல் இஞ்சின். "எல்லா ஜீப்பும் இப்படித்தான் சார்" என்றார்கள், நம்பினேன். எஃப்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தியபோது இஞ்சின் நம்பர் ஒத்துப்போகவில்லை. இஞ்சின் மாற்றினால் முன்கூட்டி அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதுதான். தயாரித்தவர் செய்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மாற்றியவர் எங்கோ, மாட்டியவன் நான்.

15 வருஷம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி. 20 வருஷம் தாண்டிய இலகுரக வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. முகுந்த் சொன்ன மூன்றும் அந்தக் கணக்கில்தான் வரும்.

"விண்டேஜ் என்று பதிவு செய்தால் தொல்லையில்லை சார்" என்று ஒரு புரோக்கர் சொல்வார், விழுந்துவிடாதீர்கள். 2021ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பதிவு, நம்பரில் 'விஏ' என்று வரும், கட்டணம் 20,000. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஜவ்வாது மலைக்குப் பிக்னிக் போக முடியாது. காடு சுற்ற ஆசைப்பட்டவர் ஷோகேஸில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டெல்லியிலிருந்து மலிவாக வரும் வண்டியும் அப்படித்தான். என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று) இருக்கிறதா, இங்கே சாலை வரி எவ்வளவு கட்ட வேண்டும் என்று கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும்.

#13 மடிப்பாக்கம்_முகுந்த்

எல்லோருக்கும் நன்றி. மூன்று சனிக்கிழமை அலைந்ததில் நடந்ததைச் சொல்கிறேன்.

வாலாஜா எம்எம் 540: பெயின்ட் பார்த்து மயங்கிவிட்டேன். ராணுவப் பச்சை, முன்னால் வின்ச் (இழுவைக் கம்பி உருளை), மேலே ஆறு விளக்கு. ஸ்பேனர் ஐயா சொன்ன இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். பின் ஸ்பிரிங் மேலே சேஸிஸ் அப்பளம் மாதிரி நொறுங்கி, பழுப்புத் தூள் என் சட்டைக் கைக்குள் கொட்டியது. விற்பவர் "அது மண்ணு சார்" என்றார். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தில் ஒரு எழுத்து மற்றதைவிட ஆழமாக, கொஞ்சம் சாய்ந்து இருந்தது. டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டோம்.

வேளச்சேரி ஜிப்சி: சீட்டைத் தள்ளி அடியில் டார்ச் அடித்தேன். தண்டவாளத்தில் காய்ந்த வண்டல், மெலிசாக, கோலப்பொடி மாதிரி ஒரே சீராக. எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் பார்த்த அதே நிறம். கேட்கவே இல்லை.

ஜோங்காவில் நண்பனின் மாமா ஒரு சுற்று அழைத்துப் போனார். ஜெகன், உங்கள் மீது தவறில்லை, அது ராஜா. மகள் இறங்கவே மாட்டேன் என்றாள். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்குள் அது திரும்பாது. செயலாளரோடு ஏற்கெனவே தண்ணீர் லாரி விஷயமாகச் சண்டை.

இப்போது வேலூரில் 1997 ஜிப்சி கிங் ஒன்று பார்த்திருக்கிறேன். ஒரே கை. ஒரு பள்ளி ஆசிரியர் வைத்திருந்தது. இஞ்சின், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்சியோடு ஒத்துப்போகிறது. சேஸிஸ் குத்தினால் டங்கென்று சத்தம் வருகிறது. கூரை மட்டும் கிழிசல். படம் போட்டிருக்கிறேன். கேட்பது நாலு எண்பது.

#14 பழைய_ஸ்பேனர்

வேலூர் வெயிலில் காய்ந்த வண்டிக்கு மெட்ராஸ் வண்டியைவிட ஆயுசு கெட்டி. கூரை கிழிந்திருப்பதும் நல்லதே, விலையைக் குறைக்க ஒரு பேச்சு. நாலரைக்கு முடியுங்கள்.

எடுத்ததும் செய்ய வேண்டியது: இஞ்சின், கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி), இரண்டு ஆக்சில் ஆயிலையும் மாற்றுங்கள். புரொபெல்லர் ஷாஃப்ட் மூட்டில் உள்ள யூ ஜாயின்ட் கிராஸ் ஆடுகிறதா பாருங்கள். ஆக்சில் மேலே சின்ன மூக்கு மாதிரி ஒரு பிரீதர் (காற்றுப் போக்கி) இருக்கும், அடைத்திருந்தால் சுத்தம் செய்து, ஒரு குழாய் மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோங்கள். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பால் டீ உருவாகிற கதை அதுதான்.

படத்தில் முன் சக்கரத்தின் நடுவில் கையால் சுற்றுகிற மூடி தெரிகிறது. ஃப்ரீ, லாக் என்று இரண்டு பக்கம். தார் ரோட்டில் ஃப்ரீயில் இருக்கட்டும், முன் ஷாஃப்ட் வீணாகச் சுற்றாது. மண்பாதை வந்ததும் இறங்கி இரண்டு சக்கரத்திலும் லாக்குக்குத் திருப்ப வேண்டும். உள்ளே லீவரைப் போட்டால் மட்டும் போதாது. மறக்காதீர்கள்.

#15 ஜிப்சி_ரசிகன்

கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் ரப்பர் குழாய், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்குச் செய்ததல்ல, ஊறி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், வாரக்கணக்கில் நிற்கிற வண்டி என்பதால் டேங்க்கை ரொம்பக் காலியாக விட்டுவைக்காதீர்கள்.

#16 ஏலகிரி_எழில்

வாழ்த்துகள் முகுந்த். ஒன்றே ஒன்று. லீவர் இருக்கிறது என்பதற்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவது வனச்சட்டப்படி குற்றம். செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பினால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதை பக்கம் போனால் இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். ஊர் மக்கள் நடக்கிற பாதையில் ஹாரன் அடித்துக்கொண்டு, ஓடையைக் கலக்கிக்கொண்டு வீடியோ எடுக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

#17 ரெண்டு_சக்கரம்

எக்ஸ்பல்ஸ் இன்னும் மலிவுதான். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

#18 மடிப்பாக்கம்_முகுந்த்

நாலு ஐம்பத்தைந்துக்கு முடிந்தது. போன ஞாயிறு முதல் பயணம், ஆலங்காயம் வழியாக ஏறினோம். காவலூர் தாண்டி ஒரு கிராமத்துப் பாதை, முந்தின இரவு நல்ல மழை. நெடுஞ்சாலையில் எழுபத்தைந்துக்கு மேல் போகவில்லை, ஆனாலும் முதுகு பற்றி எழில் சொன்னதெல்லாம் உண்மை. மனைவி திரும்பும்போது இரண்டு தலையணை வாங்கினாள்.

சின்ன ஓடை ஒன்று. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், அடியில் கூழாங்கல்லும் சேறும். பெருமையாக 4எல் (மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் வீல் கியர்) போட்டு, மகளிடம் "இப்போ பாரு" என்று சொல்லி இறங்கினேன். நடுவில் நின்றுவிட்டது. பின் சக்கரம் சுற்றுகிறது, சேறு பறக்கிறது, வண்டி நகரவில்லை. டயர் காற்றை 18 வரை இறக்கினேன், நகரவில்லை. பின்னால் கல் கொடுத்தேன், ம்ஹூம். கிளட்ச் வாசனை வர ஆரம்பித்தது. வேலூர் ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டி, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், பன்னிரண்டு வயது இருக்கும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், முன்னாடி சக்கரம் சுத்தவே இல்லையே" என்றான்.

#19 பழைய_ஸ்பேனர்

தம்பி.

#20 மடிப்பாக்கம்_முகுந்த்

ஆமாம் ஐயா. இரண்டும் ஃப்ரீயில் இருந்தது. பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித் திருப்பினேன். ஒரு பக்கம் கையால் வரவில்லை, துணி சுற்றிப் பிடித்து முறுக்க வேண்டியிருந்தது. அப்புறம் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே ஏறி நின்றது. ஆசிரியரிடம் போனில் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாதே.

#21 பழைய_ஸ்பேனர்

அந்தப் பையனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா?

#22 மடிப்பாக்கம்_முகுந்த்

அவன் ஊர்வரைக்கும் முன் சீட்டில் வந்தான். மாட்டை என் மகள் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தாள், அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அடுத்த மாதமும் வருகிறாளாம், வண்டிக்காக இல்லை, மாட்டுக்காக.

#23 ரெண்டு_சக்கரம்

எக்ஸ்பல்ஸில் முன் சக்கரம் எப்பவுமே இழுக்காது. அதனால் ஏமாற்றமும் கிடையாது.